வண்டி எண் தெரியாத கடைத்தெரு

கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று மறுப்பதற்கு எங்கள் பகுதியில் இரண்டு சொற்களும் ஓர் அசையும் போதும்: "நான் கவனிக்கல லா." சந்தையில் ஒருவன் அடுத்தவர் சட்டைப்பையில் கை விட்டாலும், கோயில் வாசலில் நிறுத்திய மிதிவண்டி காணாமற் போனாலும், பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் கைப்பேசி பறிபோனாலும், பார்த்தவர்கள் இந்த ஒரே வாக்கியத்தை ஓதிவிட்டுக் கலைந்துபோவார்கள். பல்லாண்டுகள் அதைக் கேட்டுத் தலையசைத்தவன் நான். சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமையோடு தலையசைப்பதை நிறுத்திவிட்டேன். அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. ஒரு லோரி ஓட்டுநர் ஊரார் முன்னிலையில் என் பழைய கணக்கை எடுத்துப் படித்த பிறகுதான் நிறுத்தினேன்.

கோலசிலாங்கூருக்கு வடக்கே பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்தவன் நான். அந்தத் தோட்டம் இன்று இல்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் நின்ற நிலத்தில் இரட்டை மாடி வீடுகள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றின் தெருக்களுக்குப் பூக்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். தோட்டம் போனாலும் பட்டம் போகவில்லை. இந்தச் சிறுநகரில் எனக்கு இன்றும் பெயர் 'கிராணி'தான்.

அன்று காலை பத்து மணியளவில் ரொட்டி சானாய்க் கடையின் வெளிமேசையில், சீனியில்லாத் தேநீரும் நாளிதழுமாக அமர்ந்திருந்தேன். எதிர்வரிசையில் ஒளிநகல் கடை. அங்கிருந்து எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் வெளியே வந்தார். வயது அறுபத்து மூன்று. எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்து, களை எடுத்து, உரம் போட்டு, தோட்டம் விற்கப்பட்ட பின் ஆற்றோரத்து மீன் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுபவர். இந்த மண்ணைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாத அவர் கையில் இருப்பதோ சிவப்பு அடையாள அட்டை. இங்கே நிலையாகத் தங்கலாம், ஆனால் குடிமகள் அல்லர் என்பது அதன் பொருள். பெற்றோர் அவருடைய பிறப்பைப் பதியாமல் விட்டதன் பயன் அது. குடியுரிமைக்கு விண்ணப்பித்து, காத்திருந்து, மீண்டும் விண்ணப்பித்து, முடிவில் அழைப்பு வந்திருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நேர்காணல்.

எங்கள் தோட்டத்து மக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மூல ஆவணங்கள் அனைத்தையும் சுமந்து செல்வார்கள். 'ஒரிஜினல் எங்கே?' என்ற கேள்வியோடு எத்தனையோ சாளரங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அதனால் மின்கட்டணம் செலுத்தப் போகும்போதுகூடத் திருமணச் சான்றிதழ் கையில் இருக்கும். அந்த ஆவணங்களைக் கட்டுவதிலும் ஒரு முறை உண்டு. நெகிழிப் பைக்குள் ஒரு நெகிழிப் பை, அதற்குள் இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரப்பர் வளையம். அறிவுடையோர் நகலை எடுத்துச் செல்வர், மூலத்தை வீட்டில் வைப்பர். எங்களவர் நகல் எடுக்கும் கடைக்கும் எல்லா மூலத்தையும் கொண்டுபோவார்கள். அன்று அவர் கைப்பையில் இருந்த ஆவணக் கட்டுக்குள் பள்ளிச் சான்று, தாயாரின் மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றோடு ஒரு கடிதமும் இருந்தது. 'இன்னார் மகள் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்' என்று தோட்ட நிருவாகி கையொப்பமிட்ட கடிதம். அதைத் தட்டச்சு செய்தவன் நான். கையொப்பமிட்டவர் இறந்துவிட்டார், முத்திரை குத்திய அலுவலகம் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த ஒரு தாள் போனால், அவர் இந்த மண்ணில் பிறந்தார் என்று சொல்ல வேறு தாள் கிடையாது.

ஒரு விசையுந்து சாலையோரமாக மெதுவாக வந்தது. பின்னால் இருந்தவன் எட்டிக் கைப்பையின் வாரைப் பற்றினான். வார் அறுவதற்குள் அம்மையார் நான்கடி இழுபட்டுத் தரையில் விழுந்தார். "ஐயோ, என் சூராட்டு!" என்ற ஒரே அலறல். ஆவணங்களை அவர் அப்படித்தான் அழைப்பார். பையில் இருந்த பணத்தைப் பற்றியோ கைப்பேசியைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

கடையில் பதினைந்து பேராவது இருந்தோம். நான் என்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கையிலிருந்த தேநீர்க் குவளையைச் சிந்தாமல் மேசைமேல் வைத்தேன். வைத்து நிமிர்ந்தபோது விசையுந்து வளைவில் மறைந்துவிட்டது. அதன் பிறகு எல்லாரும் விரைந்து ஓடினோம். இழப்பு முடிந்த பிறகு ஓடுவதில் எங்களை விஞ்ச ஆளில்லை. ஓர் இளைஞர் கைப்பேசியை உயர்த்திப் படம்பிடித்தார், தரையில் கிடந்த பெண்ணை. கடையின் கல்லாவில் அமரும் பெண்மணி தண்ணீரோடு வந்தார்.

"அக்கா, பேக்க முன்னால மாட்டணும்லா. எத்தன தடவ டிவில சொல்றான்!"

"செவப்பு ஹெல்மெட்டு."

"கறுப்புலா. உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"நம்ம பையனுங்க மாதிரி இருந்துச்சு."

"உனக்குத் தெரிஞ்ச பையனுங்களா?"

தலைக்கவசத்தின் நிறத்தை ஆராய்ந்தார்கள். அதற்குள் இருந்த தலைகள் எந்த இனத்தைச் சேர்ந்தவை என்றும் ஆராய்ந்தார்கள். வண்டியின் எண் என்ன என்று நான் கேட்டேன். பேச்சு அந்த இடத்தில் நின்றது. செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரியின் ஓட்டுநர் ஒருவர் சாலைக்கு மிக அருகே அமர்ந்திருந்தார். அவருடைய தந்தையும் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர். அவரை நேராக நோக்கிக் கேட்டேன்.

"நான் கவனிக்கல லா, கிராணி," என்றார். ரொட்டியை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அம்மையாரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த இளம் அதிகாரி பண்போடு நடந்துகொண்டார். அவர் வண்டி எண்ணைக் கேட்டார், எங்களிடம் இல்லை. எந்தப் பக்கம் போனார்கள் என்றார். வளைவு வரை மட்டும் தெரியும் என்றோம். "இப்படிப் பறிப்பவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு மற்றதைப் பக்கத்திலேயே எங்காவது வீசிவிடுவார்கள். போன வழி தெரிந்தால் உங்கள் ஆவணங்கள் கிடைக்கலாம். பார்த்தவர் ஒருவரையாவது அழைத்து வாருங்கள்," என்றார். பதினைந்து பேர் பார்த்த ஒன்றுக்கு ஒருவரைத் தேடி நாங்கள் திரும்பினோம். வெளியே வானம் மேற்கே கறுக்கத் தொடங்கியிருந்தது.

அம்மையாரை ரொட்டிக் கடையில் அமர்த்திவிட்டுத் தெருமூலைக்குப் போனேன். அங்கே நான்கிலக்க எண்களுக்குப் பணம் கட்டும் கடை ஒன்று உண்டு. புதன்கிழமை குலுக்கல் நாள். நண்பகலுக்குப் பிறகு அங்கே கூட்டம் மிகும். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. வாசலில் ஒரு கண்காணிப்புக் கருவி இருப்பதை அறிவேன்; அதில் வண்டி பதிவாகியிருக்குமா என்று கேட்கவே உள்ளே நுழைந்தேன். சாளரத்தில் இருந்த சீனப் பெண்மணி தோட்டத்துக் கடைக்காரரின் மகள். எங்கள் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். தமிழ் அவர் நாவில் தாராளமாகப் புரளும்.

நான் வாய் திறக்குமுன் அவரே கேட்டார்: "அங்கிளும் வந்துட்டீங்களா? அந்த மோட்டோ நம்பரா?"

"எந்த மோட்டோ?"

"காலையில பேக் புடுங்குனானே, அந்த மோட்டோ. வேற நம்பர் எடுங்க அங்கிள், அது சோல்ட் அவுட். எட்டுப் பேர் வந்து எடுத்துட்டாங்க. ஒருத்தர் திருப்பிப் போட்டுக்கூட எடுத்தார்."

எங்கள் மக்களின் இந்தப் பழக்கத்தை நான் அறியாதவன் அல்லேன். சாலையில் கார் கவிழ்ந்தால் அதன் எண், வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் அந்த வீட்டின் எண். துன்பம் நேர்ந்த இடத்தில் நல்லூழ் ஒளிந்திருக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. அறிந்திருந்தும் காலையிலிருந்து எனக்கு அது தோன்றவில்லை. காவல் நிலையத்துக்குத் தெரியாத எண்ணை எட்டுப் பேர் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண்மணி ஒரு துண்டுத் தாளில் அதை எழுதித் தந்தார். "போலிசுக்கா? குடுங்க, குடுங்க," என்றார். அந்தத் தெருவில் அன்று அச்சமின்றிப் பேசிய முதல் ஆள் அவர்.

ரொட்டிக் கடைக்குத் திரும்பியபோது, லோரி ஓட்டுநரும் ஆலையில் பழம் இறக்கிவிட்டுத் தேநீருக்கு வந்திருந்தார். நான் உட்காரவில்லை. குரலை உயர்த்தி, "எல்லாரும் கேளுங்கள்," என்றேன்.

"மேடை போட்டுட்டாரு கிராணி," என்றார் ஓட்டுநர். சிரித்தார்கள்.

"காவல் நிலையத்தில் அந்த வண்டியின் எண் தெரியாது. மூலைக் கடையில் அது விற்றே தீர்ந்துவிட்டது. எட்டுப் பேர் வாங்கியிருக்கிறீர்கள். கண்பார்வை நன்றாக இருக்கும் அந்த எட்டுப் பேரையும் பாராட்டுகிறேன்."

சிரிப்பு அடங்கியது. கல்லாப் பெண்மணியின் கை தானாகவே சேலை முந்தானை முடிச்சுக்குப் போனது. "நான் ஒரு வெள்ளி காசு கட்டித்தான் எடுத்தேன்," என்றார் மெல்ல.

"எடுத்தா என்ன தப்பு?" ஓட்டுநர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சட்டப்படி நடக்குற கடை. ரோட்டுல போற நம்பரு, எவன் வேணும்னாலும் எடுக்கலாம்."

"எடுக்கலாம், தம்பி. காலையில் நான் கேட்டபோது கவனிக்கவில்லை என்றாயே, ஏன்?"

"உங்ககிட்ட எவன் சொல்லுவான்?" அவர் முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை. "எங்கப்பா ஒரு தடவ சொன்னாரு. ஞாபகம் இருக்கா? பழக்கொல திருடி ஏத்துன வேன அவர் கண்ணால பார்த்தாரு. நேரா உங்க ஆபிசுக்கு வந்து சொன்னாரு. நாற்காலி குடுத்தீங்களா? மத்தியானம் வரைக்கும் வெயில்ல நிக்க வச்சீங்க. 'உனக்கு எப்படித் தெரியும், நீ ஏன் அங்க போன, உனக்கு எவ்வளவு பங்கு'ன்னு கேட்டீங்க. அன்னிக்கு அரைப் பேரு. வேன்காரனப் புடிச்சீங்களா? இல்ல. எங்கப்பா வீட்டுக்கு வந்து சொன்னாரு, இனிமே இந்த வீட்டுல எவனுக்கும் கண்ணு கெடையாதுன்னு."

அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி. அந்தப் பதிவு எனக்கு நினைவிருந்தது. வருகைப் பேரேட்டில், அவர் பெயருக்கு நேராக, என் கையெழுத்தில். நிருவாகியின் ஆணை என்று விடை சொல்லலாம். அப்படிச் சொல்லித்தான் இத்தனை ஆண்டுகள் உறங்கினேன். ஆனால் வெயிலில் நில் என்றது என் வாய். பேனாவும் என் கையில்தான் இருந்தது. பார்த்தவனையே முதற் குற்றவாளியாக நடத்தும் முறையை நாங்கள் அலுவலகத்தில் ஒழுங்காக நடத்தினோம். மக்கள் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் கோழைகள் என்று அன்றுவரை நானே பலரிடம் பேசியிருக்கிறேன்.

"உண்மை," என்றேன். "உன் அப்பாவை நிற்கவைத்தவன் நான்தான். அவர் செய்தது சரி. நான் செய்தது தவறு. இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். வேண்டுமானால் இன்னும் உரக்கச் சொல்கிறேன். ஆனால் தம்பி, எனக்குத் தரவேண்டிய தண்டனையை இந்த அம்மாவுக்குத் தராதே."

அதுவரை பேசாதிருந்த அம்மையார் கட்டுப்போட்ட முழங்கையைப் பிடித்தபடி எழுந்தார். "கிராணியோட சண்ட இருக்கட்டும் தம்பி. மழ வருது. தண்ணி பட்டா எழுத்து போயிரும். எந்தப் பக்கம் போனானுங்க? அத மட்டும் சொல்லு. உன் பேர நான் எங்கயும் சொல்ல மாட்டேன்."

"பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்," என்று நான் குறுக்கிட்டேன். அம்மையார் திகைத்து என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் அது கடுமையாகத்தான் ஒலித்தது. ஆயினும் பெயரில்லாத சாட்சியங்களால் எங்கள் ஊர் நிறைந்து வழிகிறது. அவற்றால் ஒரு மிதிவண்டிகூட மீட்கப்பட்டதில்லை. என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். என் பெயர், அடையாள அட்டை எண், நான் கண்டது, காணத் தவறியது, தேநீர்க் குவளை உட்பட அனைத்தையும் எழுதிக் கையொப்பமிட்டேன். அதை ஓட்டுநர் முன் மேசைமேல் வைத்தேன். "பழி வந்தால் முதலில் என் வீட்டுக்கு வரட்டும். கீழே இடம் விட்டிருக்கிறேன்."

ஓட்டுநர் அந்தத் தாளைப் படித்தார். பிறகு எவரையும் பாராமல் பேசினார். காலையில் அவருக்கு எண் மட்டுமே தெரிந்திருந்தது. பின்னர் ஆலைக்குப் போகும் வழியில், பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் பிரியும் மண்சாலையில், நீரேற்றுக் கொட்டகையருகே அதே விசையுந்தைக் கண்டிருக்கிறார். ஒருவன் எதையோ தோட்டத்து வடிகால் பக்கம் வீசிக்கொண்டிருந்தான். எண்ணுக்கு முன்னால் இருந்த எழுத்துகளையும் சேர்த்துச் சொன்னார்.

"பார்த்துட்டுமா பேசாம இருந்தே?" என்று கல்லாப் பெண்மணி சீறினார்.

"நீ மட்டும்?" என்றார் அவர். பேனாவை எடுத்துத் தம் பெயரை எழுதினார். "ஏறுங்கம்மா லோரில."

கல்லாப் பெண்மணி இழுப்பறையைப் பூட்டினார், தம் பெயரையும் எழுதினார், கடைக்காரர் கூவக் கூவ எங்களோடு கிளம்பினார். கடையிலிருந்த வேறு மூவர் தங்கள் விசையுந்துகளில் பின்தொடர்ந்தனர். அவர்களும் எழுதினார்கள், ஒருவர் மட்டும் மனைவியைக் கேட்டுக்கொண்டு எழுதுவதாகச் சொல்லிக் கைப்பேசியில் கேட்டுவிட்டே எழுதினார்.

கொட்டகையருகே வடிகால் நீர் தேநீர் நிறத்தில் நின்றது. கைப்பை அதில் கவிழ்ந்து மிதந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அம்மையார் அங்கேயே மண்ணில் அமர்ந்துவிட்டார். மழைத்துளிகள் செம்பனை ஓலைகள்மேல் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. வெட்டி அடுக்கிய காய்ந்த மட்டைக் குவியலில், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஏறிய கல்லாப் பெண்மணிதான் கூவினார்: "அக்கா! பிளாஸ்டிக்கு!"

கட்டு அங்கே கிடந்தது. பறித்தவர்கள் முதல் பையைப் பிரித்திருந்தார்கள். உள்ளே இன்னொரு பை. அதையும் பிரித்திருந்தார்கள். உள்ளே மூன்றாவது. அங்கே அவர்களின் பொறுமை தீர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது பையின் ரப்பர் வளையம் போட்டபடியே இருந்தது.

"இத்தன பைய பார்த்ததும் பயந்துட்டானுங்க," என்றார் ஓட்டுநர். அம்மையார் அழுதுகொண்டே சிரித்தார்.

லோரி மழையோடு காவல் நிலைய வாசலில் போய் நின்றது. ஓட்டுநர் ஈரச் சட்டையோடு அதே இளம் அதிகாரியின் முன் அமர்ந்து, கேள்வி வருமுன்பே, "சாயா நம்பாக்," என்றார். நான் பார்த்தேன் என்பது அதன் பொருள். இவ்வளவு எளிய மலாய்த் தொடரை இவ்வளவு உரக்க நான் கேட்டதில்லை.

அந்த வண்டியின் எண்ணே போலியானது என்று பின்னர் தெரியவந்தது. பறித்தவர்கள் இன்னும் அகப்படவில்லை. குலுக்கலிலும் அந்த எண் விழவில்லை. எட்டுப் பேரும் தோற்றார்கள். வாக்குமூலத்துக்காக மறுபடியும் அழைக்கப்பட்ட நாளில் ஓட்டுநர் என்னைப் பார்த்து, "இன்னிக்கும் அரைப் பேருதான், கிராணி," என்றார். ஆனாலும் வந்தார். 'கள்வனும் அகப்படவில்லை, கூலியும் போயிற்று, என்ன கண்டீர்கள்?' என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கடிதம் நேர்காணல் அதிகாரியின் மேசைமேல் காய்ந்த தாளாக இருந்தது. அதைக் கண்டோம். அது போதவில்லை என்பவரோடு வாதிட எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறு பெயர்கள் கொண்ட அந்தத் தாளின் மூலத்தைக் காவல் நிலையத்தில் கேட்டார்கள். அம்மையார் கொடுக்க மறுத்துவிட்டார். "நகல் எடுத்துக்குங்க. ஒரிஜினல் என்கிட்டதான் இருக்கும்," என்றார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சாளரத்துக்கு அவர் நகலைக் கொடுத்தார். அதிகாரியும் நகலோடு அமைதியானார். அந்தத் தாளையும் அவர் நிருவாகியின் கடிதத்தோடு சேர்த்து மூன்றாவது பைக்குள் வைத்தார். இப்போது அந்தக் கட்டு அவர் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. வெளியே போகும்போது நகல்களோடு போகிறார்.

குடியுரிமை பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. இவர் இந்த ஊரார் அல்லர் என்று நாளை எவரேனும் சொன்னால் காட்டுவதற்கு அவரிடம் இப்போது இரண்டு தாள்கள் இருக்கின்றன. இரண்டாவது தாளில் முதற்பெயர் என்னுடையது. அதை அழிக்கச் சொல்லி இதுவரை எவரும் வரவில்லை. வந்தால், காலை பத்து மணிக்கு வரட்டும், வெளிமேசையில்தான் இருப்பேன்.